குளியலறைக் கட்டை

மூன்று மெஷின்களை மேசைமேல் எடுத்து வைத்துவிட்டு நாகையா நிமிர்ந்தார். கிள்ளான் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த அவருடைய இரும்புக்கடைக்குச் சந்திரகலா கையுறைத் தொழிற்சாலையிலிருந்து நேராக வந்திருந்தாள். விரல் இடுக்குகளில் இன்னும் கையுறைக்குப் பூசும் வெள்ளை மாவு இருந்தது. எதை வாங்குவது என்பதைவிட, எங்காவது கொஞ்சம் உட்கார முடியுமா என்றுதான் அவள் கண்கள் தேடின.

“என்னத்த வெட்டணும்க்கா?”

“பாத்ரூம் வாசல்ல குறுக்க ஒரு மரக்கட்டை இருக்குண்ணே. வீல்சேர் ஏற மாட்டேங்குது.”

“அப்ப கிரைண்டர்தான் பெஸ்ட் லா.” அவர் அதை ஓட்டிக் காட்டினார். அதன் வட்டத் தகடு ஊளையிட்டுச் சுழன்றதும் சந்திரகலா ஓரடி பின்னால் போனாள்.

“வீட்ல யாரு பிடிப்பா? அண்ணனா?”

“அவருக்குத்தான் வீல்சேர்.”

நாகையா கிரைண்டரை ஒதுக்கினார். மற்ற இரண்டும் சுழலாதவை. முன்னால் இருந்த தட்டையான கத்தி இடமும் வலமுமாக நடுங்கி அறுக்கும். தரையோடு தரையாக வெட்டலாம், கத்தியை மாற்றினால் தேய்க்கலாம் என்றார். ஒன்று பெரியது, வருஷக் கணக்கில் தாங்கும். இன்னொன்று சிறியது.

“தினம் வேலை செய்றவனுக்குத்தான்க்கா பெரிசு. உங்களுக்கு எப்பவாச்சும்தானே?”

அவள் இரண்டையும் தூக்கிப் பார்த்தாள். பெரியதைப் பிடித்ததும் மணிக்கட்டு வலித்தது. வீட்டில் ஏற்கெனவே தூக்குவது போதும் என்று தோன்றியது. அவள் கணவன் ஜெயராஜ் துறைமுகத்துக்கு லோரி ஓட்டியவன். வாதம் வந்து வலது கையும் காலும் விழுந்ததிலிருந்து, அவனைக் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கி அந்தக் கட்டையைத் தாண்டவைப்பது அவள்தான். உள்ளே அவன் சுவரைப் பார்த்துக்கொண்டே இருப்பான். அவளும் வேறு எங்கோ பார்ப்பாள். போன வாரம் இருவரும் சேர்ந்தே விழுந்தார்கள். இரண்டு தச்சர்களைக் கூப்பிட்டாள். சின்ன வேலை என்று ஒருவரும் வரவில்லை.

சிறியதையே வாங்கிக்கொண்டாள்.

பெட்டியைப் பார்த்ததுமே ஜெயராஜுக்குப் புரிந்துவிட்டது. “வேணாம்,” என்றான் குழறலாக. “தீபாவளிக்குள்ள நடந்துருவேன்.”

“நடங்க. யாரு வேணாம்னா?” அவள் தரையில் மண்டியிட்டாள். “அது வரைக்கும் என்னால முடியலங்க.”

இதை அவள் இதுவரை சொன்னதில்லை. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மெஷின் கையில் அதிர்ந்தது, தோள்வரை கூசியது. கத்தி கொஞ்சம் இறங்கி நின்றுவிட்டது. அவள் இன்னும் அழுத்தினாள். மரம் கருகிப் புகைந்தது. அப்படியே எழுந்து போய்ப் படுத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

“அழுத்தாத,” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. “லேசா ஆட்டிக்கிட்டே போ. அதுவா இறங்கும்.”

அவள் திரும்பவில்லை. அவன் சொன்னபடி செய்தாள். மரத்தூள் பறந்து புருவத்தில் ஒட்டியது. ஒரு பக்கம் முடிந்ததும், “அந்தப் பக்கம்,” என்றான். அந்தப் பக்கமும் அறுத்தாள். கட்டையை ஆட்டிப் பிடுங்கியபோது அடியில் பழைய சிமெண்ட் வெள்ளையாகத் தெரிந்தது.

அவள் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போதே ஜெயராஜ் இடது கையாலும் இடது காலாலும் தள்ளிக்கொண்டு வந்தான். சக்கரம் ஒருமுறை கதவு நிலையில் இடித்தது. பின்னால் போய், நேராக்கி, மறுபடி வந்தான். உள்ளே போய்விட்டான். அவள் வழக்கம்போல எழுந்து பின்னால் போனாள்.

“நீ இரு,” என்றான்.

“விழுந்துட்டீங்கன்னா?”

கதவு மெல்ல நகர்ந்து சாத்திக்கொண்டது.

சந்திரகலா சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். உள்ளே ஏதோ உருண்டது. எழப் போனாள், குழாய் திறக்கும் சத்தம் கேட்டதும் உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் நெடுநேரம் ஓடியது. பிறகு கட்டை இல்லாத கதவுக்கடியிலிருந்து அது வெளியே வழியத் தொடங்கியது, மரத்தூளைச் சுமந்துகொண்டு, மெதுவாக, அவள் நீட்டியிருந்த கால்களை நோக்கி. அவள் கால்களை மடக்கவில்லை.