கண்ணாடி மாற்றிய பிறகு

முன்கண்ணாடியை மாற்றியதிலிருந்துதான் அந்தத் தொல்லை ஆரம்பித்தது என்று நிவேந்திரன் உறுதியாக நம்பினான். போன மாதம் ஹைவேயில் மண் லாரியிலிருந்து தெறித்த கல் ஒன்று பட்டுக் கண்ணாடி விரிசல் விட்டுவிட்டது. புதுக் கண்ணாடி போட்டான். அடுத்த வாரமே கார் மணி அடிக்கத் தொடங்கியது. டிங், டிங், டிங் என்று மூன்று முறை. வேகம் காட்டும் திரையில் ஆவி பறக்கும் காப்பிக் கோப்பை ஒன்று தோன்றும். ஓய்வெடுக்கவும் என்று அதன் கீழே ஆங்கிலத்தில் எழுத்து வரும்.

முதல் தடவை அவனுக்குச் சிரிப்புதான் வந்தது. பத்தாவது தடவை எரிச்சல் வந்தது.

நான்கு வருடத்துக்கு முன்பு வாங்கிய கார் அது. கோயில் வாசலில் நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிய நாளிலிருந்து, அதை அவன் பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டான். எண்ணெய் மாற்றும் தேதி தவறியதில்லை. உள்ளே யாரும் நொறுக்குத்தீனி தின்னக்கூடாது. மனைவி ஷாந்தினியிடம் லைசென்ஸ் இருந்தும் சாவி மட்டும் அவள் கைக்குப் போனதேயில்லை. அவளும் கேட்டதில்லை.

ஆனால் கார் வந்ததும் வேலையும் கூடவே வந்தது. குருபோங் தொழிற்சாலையில் அவனுக்குப் பாதி மாதம் இரவு ஷிஃப்ட். காலை ஏழு மணிக்கு வெளியே வந்தால் மகள் திவ்யதர்ஷினியைப் பள்ளியில் இறக்க வேண்டும், பிறகு ஷாந்தினியைப் பாச்சாங் கிளினிக்கில் விட வேண்டும். அவள் அங்கே முன்மேசையில் வேலை பார்த்தாள். இது போதாதென்று, ரெம்பியாவில் தனியாக இருந்த மாமனார் தம்புசாமிக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய் எட்டு மாதமாகிறது. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் அவரை டயாலிசிஸுக்குப் பாச்சாங்குக்குக் கூட்டி வந்து திரும்பக் கொண்டுபோய் விட வேண்டும். இடையில் கிடைத்த நேரத்தில்தான் தூக்கம். அதுவும் துண்டு துண்டாக, பஸ் ஸ்டாப்பில் காத்திருப்பவன் தூங்குகிற மாதிரி.

ஒரு சனிக்கிழமை காலை, இரவு ஷிஃப்ட் முடிந்த கையோடு, காரை சர்வீஸ் சென்டருக்கு ஓட்டிப் போனான். அங்கிருந்து அப்படியே ரெம்பியாவுக்குப் போகலாம் என்று, மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஷாந்தினியும் வழியில் ஏறிக்கொண்டாள்.

தலைமை மெக்கானிக் காந்தன் நரைத்த மீசைக்காரர். நிவேந்திரன் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார்.

"கண்ணாடி மாத்தினாங்கள்ல, அப்ப மேல ரோட்டுக் கோட்டப் பாக்கிற கேமராவ சரியா செட் பண்ணல போல. சும்மா சும்மா அடிக்குது பாஸ். இல்லன்னா அத மொத்தமா ஆஃப் பண்ணிடுங்க. எனக்கு வேணாம்."

"பாப்போம் லா, அவசரப்படாதீங்க" என்றார் காந்தன்.

கார் முன்னால் கட்டம் போட்ட பலகையை நிறுத்தி, கம்ப்யூட்டரை மாட்டி அரை மணி நேரம் சோதித்தார்கள். கேமரா மயிரிழைகூட விலகாமல் நேராக இருந்தது. நிவேந்திரனுக்கு நம்பிக்கை வரவில்லை. "ரோட்டுல ஓட்டிப் பாத்தாத்தான் தெரியும்" என்றான்.

காந்தன் ஓட்டினார். நிவேந்திரன் பக்கத்திலும் ஷாந்தினி பின்னாலும் உட்கார்ந்தார்கள். அலோர் காஜா சாலையில் பதினைந்து கிலோமீட்டர் போயும் ஒரு மணிச் சத்தமும் கேட்கவில்லை. பெட்ரோல் போடும் எண்ணெய்க் கடை ஒன்றின் ஓரத்தில் காந்தன் காரை நிறுத்தி இறங்கினார்.

"இப்ப நீங்க ஓட்டுங்க. உங்க கையில என்னா காட்டுதுன்னு பாப்போம்."

நிவேந்திரன் ஓட்டினான். வெயில் ஏறியிருந்தது. ஏர்கான் சில்லென்று முகத்தில் அடித்தது. இரண்டு பக்கமும் செம்பனை மரங்கள் ஒரே மாதிரி வந்து ஒரே மாதிரி போயின. மணி அடித்தது. "பாத்தீங்களா? நான் சொன்னேன்ல!" என்றான் வெற்றியோடு. காந்தன் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி மரங்கள். நடுவில் வெள்ளைக் கோடு துண்டு துண்டாக வந்துகொண்டிருந்தது.

பிறகு லாரியின் ஹார்ன்.

யாரோ கத்தினார்கள். காந்தனின் கை குறுக்கே பாய்ந்து ஸ்டியரிங்கை இடப்பக்கம் இழுத்தது. லாரி காற்றை அறைந்துகொண்டு கடந்துபோனது. கார் ஒருமுறை குலுங்கியது. சாலையோரப் புல்லில் ஏறி நின்றபோதுதான், கத்தியது ஷாந்தினி என்று நிவேந்திரனுக்குப் புரிந்தது. தான் கண்ணை மூடவே இல்லை என்று அவன் யார் தலையிலும் அடித்துச் சத்தியம் செய்திருப்பான்.

காந்தன் எட்டிச் சிக்னல் விளக்கைப் போட்டார். அது டிக் டிக்கென்று அடித்துக்கொண்டிருந்தது.

"கேமரா நல்லாத்தான் இருக்கு" என்றார் காந்தன் மெதுவாக. "நீங்கதான் கோட்டத் தாண்டுறீங்க. ஒரு நிமிஷத்துல மூணு தடவ. காரு பாவம், அதுக்குத் தெரிஞ்ச மாதிரி சொல்லுது. கடைசியா எப்பங்க ஒழுங்கா படுத்தீங்க?"

நிவேந்திரன் யோசித்தான். உண்மையிலேயே அவனுக்கு நினைவில்லை.

காந்தனே காரைத் திருப்பி ஓட்டி வந்தார். சர்வீஸ் சென்டரில் நிறுத்திவிட்டுச் சாவியை நீட்டினார். நிவேந்திரன் கை நீட்டுவதற்குள் ஷாந்தினி வாங்கிக்கொண்டாள்.

"ஏய், இது உனக்குப் பழக்கமில்ல."

"உங்களுக்கு ரொம்பப் பழக்கம். அதான் தூங்கிக்கிட்டே ஓட்டுறீங்க." அவள் குரல் உயரவில்லை, முகம் மட்டும் வெளுத்திருந்தது. "எனக்குப் பயமாத்தான் இருக்கு. பரவால்ல. நீங்க பின்னால படுங்க."

சண்டை போட அவனிடம் தெம்பில்லை. பின் இருக்கையில் சாய்ந்தான். ஷாந்தினி சீட்டை முன்னால் இழுத்து, கண்ணாடிகளைத் திருப்பி, மனசுக்குள் எதையோ முணுமுணுத்துவிட்டுக் கிளம்பினாள். ஐம்பதுக்கு மேல் போகவில்லை. பின்னால் வந்தவர்கள் ஹார்ன் அடித்தார்கள். இல்லாத பிரேக்கை அவன் கால் இரண்டு முறை மிதித்தது. மூன்றாவது முறை மிதிப்பதற்குள் தூங்கிப்போனான்.

கண் விழித்தபோது கார் டயாலிசிஸ் சென்டரின் கார் பார்க்கில் மர நிழலில் நின்றிருந்தது. ஜன்னல் கண்ணாடிகள் பாதி இறக்கப்பட்டிருந்தன. ரெம்பியாவுக்குப் போனதோ மாமனார் ஏறியதோ அவனுக்குத் தெரியாது. மணி நாலேகால். சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. கால்மாட்டில் ஒரு தண்ணீர் பாட்டில் இருந்தது. அதை ஒரே மூச்சில் குடித்தான். உடம்பு அடித்துப்போட்ட மாதிரி வலித்தது. தூங்கி எழுந்த பிறகுதான் எவ்வளவு களைத்திருக்கிறோம் என்பதே தெரிந்தது.

அரை மணி கழித்து ஷாந்தினி அப்பாவைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தாள். தம்புசாமி ஊசி குத்திய கையை மடியில் வைத்தபடி அவன் பக்கத்தில் மெல்ல உட்கார்ந்தார். அவள் ஓட்டுநர் கதவுப் பக்கம் சுற்றி வருவதற்குள் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"மாப்ளே, மக இப்பத்தான் சொன்னுச்சு. எனக்கு முந்தியே தெரியும்."

"என்னா தெரியும் மாமா?"

"போன வாரம் ரெண்டு தடவ உங்க தல தொங்குனத நான் பாத்தேன். வெத்தல எச்சில் துப்பணும், கொஞ்சம் நிப்பாட்டுங்கன்னு சொன்னேன்ல? நான் வெத்தல போட்டே வருஷம் நாலாச்சு." அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நேரா சொல்லியிருக்கணும். சொன்னா, இனிமே மாமாவ யாரு கொண்டுட்டுப் போறதுன்னு கேள்வி வரும்னு வாய மூடிட்டேன். என் உசுருக்காக உங்க உசுர வெச்சு வெளாடிட்டேன்."

நிவேந்திரன் அவர் கையைப் பார்த்தான். கட்டின் மேல் ஒரு சொட்டு ரத்தம் ஊறியிருந்தது. வாரத்துக்கு மூன்று நாள் இந்த மனிதர் தன் பக்கத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவனோ காரில் மண் ஒட்டியிருக்கிறதே என்று அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

"நாந்தான் மாமா சொல்லியிருக்கணும். முடியலன்னு" என்றான் கடைசியில்.

ஷாந்தினி ஏறிக் கதவைச் சாத்தினாள். ஸ்டியரிங்கைப் பிடித்த கை இன்னும் விறைப்பாகத்தான் இருந்தது. "தோள்பட்டையெல்லாம் கழண்டுபோச்சு" என்றாள் பொதுவாக.

"நான் ஓட்டவா?"

"வேணாம்."

கார் மெதுவாக வெளியே வந்தது. பாச்சாங் சந்திப்பில் சனிக்கிழமை நெரிசல். சிவப்பு விளக்கில் நின்றபோது அவள் கண்ணாடி வழியாக அவனைப் பார்த்தாள்.

"வியாழக்கிழமைக்கு நான் கிளினிக்குல சொல்லி மாத்திக்கிறேன். சனிக்கிழமையும் நானே ஓட்டுறேன். செவ்வாக்கிழமைக்கு என்னா செய்றதுன்னு தெரியல."

"நைட் ஷிஃப்ட் இல்லாத வாரம் நான் பாத்துக்கிறேன்."

"இருக்கிற வாரம்?"

அவன் மாமனாரைத் திரும்பிப் பார்த்தான். தம்புசாமி கண்ணை மூடியிருந்தார். தூங்கினாரா, தூங்குவதுபோல் இருந்தாரா தெரியவில்லை.

"சென்டர்லயே வேன் இருக்குன்னு சொன்னாங்க. திங்கக்கிழமை கேட்டுப் பாக்கிறேன்" என்றாள் ஷாந்தினி.

விளக்கு பச்சைக்கு மாறியது. கிளம்ப அவளுக்கு ஒரு நொடி தாமதமானது. பின்னால் இருந்தவன் ஹார்னை அழுத்தினான். "அவன் கெடக்கிறான், நீ மெதுவா போ" என்றான் நிவேந்திரன்.