கடனுக்கும் பத்தில் ஒன்று

நாலாயிரத்து நூற்று ஐம்பது. பெயிண்ட் கடைக்காரர் அந்தப் பாக்கித் தொகையை இரண்டு தரம் சொல்லிவிட்டார். இரண்டு தரமும் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். சவப்பெட்டியில் கிடந்த கணவரின் விரல்களை டர்பன்டைன் தொட்ட துணியால் துடைத்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. கட்டைவிரல் நகக்கண்ணில் எந்தக் காலத்துச் சுவரோ ஒட்டிக்கொண்டு வர மறுத்தது.

“துக்க வீட்ல பேசக்கூடாதுதான்மா. ஆனா மெஷினை வேற ஒரு பெயிண்டர் கேட்டுட்டிருக்கான். சாயங்காலம் வண்டியோட வரச் சொல்லிட்டேன். நீ மெஷினைக் குடு, நான் கணக்கை அடிச்சிடறேன். நீயும் நிம்மதி, நானும் நிம்மதி.”

“அவரும் நிம்மதியாத்தான் இருக்காரு,” என்றாள் அவள்.

கடைக்காரர் வாசலில் போட்டிருந்த நாற்காலிக்குப் போய்விட்டார். கெட்டவர் இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் வட்டி கேட்காமல் முப்பதாயிரத்தை எண்ணிக் கொடுத்தவர் அவர்தான். ஆனால் ஒரு பெண்பிள்ளை ஸ்ப்ரே மெஷினை வைத்து என்ன செய்வாள் என்பது அவர் எண்ணம். கணவருக்குத் தோள் விட்டுப்போன பிறகு உட்கூரைக்கெல்லாம் பெயிண்ட் அடித்தது யார் என்று கடைக்காரருக்குத் தெரியாது. கணவர் சொல்லிக்கொள்ளவில்லை, இவளும் சொல்லவில்லை. இப்போது அந்த மெஷின் போனால், அடுத்த வாரத்திலிருந்து அவள் யாராவது ஒரு மேஸ்திரிக்குப் பின்னால் உப்புத்தாள் தேய்க்கப் போகவேண்டும், பாதிக் கூலிக்கு.

அந்த முப்பதாயிரத்தின் கதை வேலைத்தளத்தில் எல்லோருக்கும் தெரியும். மெஷின் வாங்கக் கடன் வாங்கியவர், நேரே சபைக்குப் போய், பத்தில் ஒன்றான மூவாயிரத்தைத் தசமபாகமாகக் காணிக்கைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்து நின்றார். கையில் இருபத்தேழு.

“கடன் வாங்கின காசுக்கு யாராவது தசமபாகம் குடுப்பாங்களா?” என்று அன்றைக்கு இவள் கத்தினாள்.

“கடன் குடுக்க அந்தக் கடைக்காரர் மனசைத் திறந்தது யாரு?”

“திறந்தவரே தவணையும் கட்டட்டும்.”

குறைந்த மூவாயிரத்தை இவள் தம்பியிடம் வாங்கினார். அதிலும் முந்நூறு சபைக்குப் போயிற்று. அந்த முந்நூறை இவளிடம் வாங்கினார். அதிலும் முப்பது. இனிமேல் ஒரு காசு கிடையாது என்று இவள் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டாள். கடைசி முப்பதை எப்படியோ டீயைக் குறைத்துச் சேர்த்தார். அன்றிலிருந்து அவருக்குப் பெயர் ‘பத்துக்கொண்ணு’.

மகள் உள்ளே வந்தாள். தையல் கம்பெனியிலிருந்து மூன்று நாள் லீவு சொல்லி வந்தவள், சும்மா இருக்க முடியாமல் கிடைத்த துணியெல்லாம் துவைத்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, அப்பா வேலைச் சட்டையில இது இருந்துது.”

ஒரு கவர். மேலே பெரிய பெரிய எழுத்தில் ‘தசமபாகம் 900’. நாற்பது வயதுக்கு மேல் எழுத்துப் படித்தவர். ஒவ்வொரு சுழியையும் சுவரில் பட்டி போடுவதுபோல் நிதானமாகப் போடுவார். புது வேலைக்கு வாங்கிய அட்வான்ஸில் பிரித்தது. நாளைக்கு ஞாயிறு ஆராதனையில் போடவேண்டியது. மீதி எட்டாயிரத்து நூறும் ஆஸ்பத்திரிக்கும் சவப்பெட்டிக்கும் போய்விட்டது.

தம்பி எட்டிப் பார்த்தான். வேன் ஓட்டுகிறவன், எதிலும் அவசரம்.

“அக்கா, இதைக் கொண்டுபோய்க் கடைக்காரர் கையில வை. மீதிக்குத் தவணை கேப்போம். வண்டியாவது திரும்பிப் போகும்.”

“இது சபைக்குப் பிரிச்சது.”

“கர்த்தருக்கு என்னக்கா அவசரம்? அவர் வீட்டுக்கு வண்டி வரப்போகுதா?”

அவளுக்குச் சிரிப்பு வந்தது, வாயை மூடிக்கொண்டாள். பதினெட்டு வருஷமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் அவள் பேசின பேச்சுத்தான் அது. மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் பணம் கட்ட வேண்டிய வாரமும் பேசினாள். ஒட்டிய கவரை அவர் ஒருநாளும் பிரித்ததில்லை. பணம் எப்படிக் கட்டினோம் என்று கேட்டால் இப்போதும் அவளுக்குச் சொல்லத் தெரியாது. கட்டினார்கள்.

“என்னக்கா யோசிக்கிறே?”

“ஒட்டிட்டாருடா,” என்றாள். கவரை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

கல்லறையில் அதிக நேரம் ஆகவில்லை. பாஸ்டர் சுருக்கமாக ஜெபித்தார். வேலைத்தளத்து ஆட்களே மண் தள்ளினார்கள்; மண் அள்ளிப் பழகின கைகள், சீக்கிரம் மூடிவிட்டன. எல்லோரும் கலையும்போது சபைப் பொருளாளர் மட்டும் கேட் பக்கத்தில் நின்றார். முப்பது வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவர். இன்றைக்கும் கண்டக்டர் ஐயாதான்.

அவள் கவரை நீட்டினாள். “ஐயா, அவர் நாளைக்குப் போடறதுக்கு வச்சிருந்தது.”

பின்னால் தம்பி பல்லைக் கடிக்கிற சத்தம் அவளுக்குக் கேட்டது.

கண்டக்டர் ஐயா கவரை வாங்கி, மேலிருந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, தோளில் கிடந்த பழைய தோல்பையைத் திறந்து பழுப்பேறின மூன்று கவர்களை எடுத்தார். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருந்தது.

“எனக்கும் ஒண்ணு திருப்பிக் குடுக்க வேண்டியிருக்கும்மா. கடன் காசு வருமானம் இல்லப்பா, அதுக்குத் தசமபாகம் கிடையாதுன்னு தலையால அடிச்சிக்கிட்டேன். உம்புருஷன் கேட்டாத்தானே? பெட்டியில போட்டுட்டு ஓடிட்டான். கணக்குல ஏத்த எனக்கு மனசு வரல. பாஸ்டர்கிட்டச் சொல்லித் தனியா வச்சிட்டேன். கடனை முடிச்சிட்டு வா, தர்றேன்னு சொன்னேன். தந்தா மறுபடி பெட்டியிலதான் போடுவேன்னான்.”

“அவர் எங்கிட்டச் சொல்லவே இல்லையே.”

“சொன்னா நீ வந்து வாங்கிட்டுப் போயிடுவியோன்னு பயம்.”

மூவாயிரம். முந்நூறு. முப்பது. ஒவ்வொரு கவரிலும் ‘கடன் காசு’ என்று கணவர் கையால் எழுதியிருந்தது. அந்த முப்பது பூராவும் சில்லறை. அவள் அதை மட்டும் கையில் கொட்டிப் பார்த்துவிட்டு மறுபடி கவருக்குள் போட்டாள்.

வீட்டுக்கு வந்தபோது வாசலில் வண்டி நின்றது. கடைக்காரர் பின்கட்டில் மெஷின் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். அவள் மூன்று கவர்களையும் கொடுத்தாள். எண்ணினார். சில்லறையையும் எண்ணினார்.

“எண்ணூத்தி இருபது குறையுதேம்மா.”

“உங்க கடை ஷட்டர் துருப்பிடிச்சுக் கிடக்கு. சுரண்டி, பிரைமர் குடுத்து ரெண்டு கோட் அடிச்சுத் தர்றேன். கழிச்சுக்கங்க.”

“யாரை வச்சு?”

அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மெஷின் முன்னால் குந்தினாள். குழாயைக் கழற்றினாள், ஸ்ப்ரே துப்பாக்கியின் முனையைத் திருகி எடுத்தாள், உள்ளேயிருந்த வடிகட்டி வலையை உருவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மகள் ஓடி வந்தாள்.

“அம்மா, இப்ப என்னம்மா இதெல்லாம்? கொஞ்சம் படும்மா.”

“வியாழக்கிழமையிலேருந்து பெயிண்ட் உள்ளேயே நிக்குது. காஞ்சா அடைச்சிக்கும். தண்ணி எடுத்துட்டு வா.”

கடைக்காரர் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். வாசல் பக்கம் திரும்பி, “வண்டி போகலாம்ப்பா,” என்றார். பிறகு சட்டைப்பையிலிருந்து கணக்கு நோட்டையும் பேனாவையும் எடுத்தார்.

மகள் தண்ணீர் வாளியை வைத்தாள். அவள் குழாயைத் திரும்ப மாட்டிச் சுவிட்சைப் போட்டாள். மெஷின் இருமிற்று, மறுபடி இருமிற்று, பிறகு பிடித்துக்கொண்டது. குழாயிலிருந்து கணவர் அடித்து முடிக்காத அறையின் மஞ்சள் கெட்டியாக வந்து விழுந்தது. கொஞ்சம் கொஞ்சமாக இளகித் தரையில் ஓடிக் கடைக்காரரின் செருப்பருகே போயிற்று. அவர் காலைத் தூக்கி நாற்காலிக் கம்பியின் மேல் வைத்துக்கொண்டு, நோட்டைத் தொடையில் ஊன்றி, அதிலிருந்த அவள் கணவரின் பெயருக்குக் குறுக்கே நேராக ஒரு கோடு போட்டார்.