கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கவ்வாத்துக் கத்தி

அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் அன்று காலையும் மூக்கன் வெறுங்கையோடு நின்றார். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் காலம் அது.

“கத்தி எங்கய்யா?” என்றார் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு.

“இன்னும் வரலீங்க.”

“மூணு நாளா இதே பாட்டு. செடிய பல்லால கடிக்கப் போறியா? வீட்டுக்குப் போ. நாளைக்கும் கத்தி இல்லன்னா ஒனக்கு வெட்டக் குடுத்த தேயில நெரய வேற ஆளுக்குக் குடுத்துருவேன்.”

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். மூக்கனுக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. திருப்பி அனுப்பப்படுவது மலையின் பனியைப் போல அவருக்குப் பழகிப் போயிருந்தது.

கத்தி நுவரெலியாவில் இருந்தது. பத்து நாளுக்கு முன், கவ்வாத்து தொடங்குமுன், கடை முதலாளி இஸ்ஸதீன் மூக்கன் குடியிருக்கும் லயத்து வரிசை வீட்டுக்கு வந்து அதை இரவல் வாங்கிப் போயிருந்தார். மாவட்டத்தின் வேளாண்மை வளர்ச்சி பற்றிய வரலாற்று மாநாட்டுக்கு முன்பே தொடங்கும் கண்காட்சிக்கு அவர்தான் பொறுப்பு; அதில் வைத்துவிட்டு இரண்டே நாளில் தருவதாகச் சொல்லியிருந்தார்.

மூக்கன் பஸ் ஏறினார். மாநாட்டு மண்டபத்தில் பேராசிரியர் ஒருவர், “இம்மலைகளைப் பசுமையாக்கிய உழைப்பாளருக்குத் தலை வணங்குகிறோம்” என்று முழங்க, கைதட்டல் எழுந்தது. வாசலில் நின்ற தொண்டர் மூக்கனின் சேறு படிந்த கால்களைப் பார்த்தார். “சாமான் எறக்குற வழி பின்னால” என்றார். மூக்கன் பின்பக்கமாகவே உள்ளே வந்தார்.

கண்ணாடிப் பெட்டிக்குள் அவருடைய கத்தி கிடந்தது. பிடியில் அவர் சுற்றிய சைக்கிள் டியூப் அப்படியே இருந்தது. அருகிலிருந்த அட்டையை எழுத்துக்கூட்டிப் படித்தார்: ‘முற்காலத் தொழிலாளர் பயன்படுத்திய கருவி.’

இஸ்ஸதீன் விரைந்து வந்தார். “அடடே மூக்கன்! ஒங்க கத்திக்கு இங்க என்ன மரியாத தெரியுமா? எல்லாரும் போட்டோ எடுக்கிறாங்க. நூதனசாலையில பழஞ்சாமான்களோட வைக்கவும் கேக்குறாங்க.”

மூக்கன் குரலை உயர்த்தவில்லை. “சரிங்க மொதலாளி. அந்த முற்காலத்து ஆளு நாந்தாங்க. மூணு நாளா எனக்கு வேல இல்ல. நாளைக்கும் வெறுங்கையோட போனா என் நெர போயிரும்.”

இஸ்ஸதீனின் சிரிப்பு நின்றது. காலையிலிருந்து ஆறு உரைகள் கேட்டிருந்தார். அவற்றில் எதிலும் இந்தச் செய்தி இல்லை. சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்துப் பெட்டியைத் திறந்தார். மூக்கன் கத்தியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு, பஸ் எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டார். இஸ்ஸதீன் அவரை முன்வாசல் வழியாகவே அழைத்துச் சென்று வழியனுப்பினார்.

திரும்பி வந்தபோது பேராசிரியர் பெட்டியருகே நின்றார். “என்ன முதலாளி, பெட்டி வெறுமையாக இருக்கிறதே?”

இஸ்ஸதீன் அட்டையிலிருந்த ‘முற்கால’ என்பதைப் பேனாவால் அடித்தார்.

“அப்பிடியே இருக்கட்டும் சேர். கத்திக்கு மரியாத பண்ணினம், அதப் புடிக்கிற மனுசன வேல இல்லாம நிப்பாட்டிட்டம். உழைக்கிறவங்கள உசிரோட இருக்கிறப்பவே மதிக்கோணும். அதச் செய்யாம அவங்க வரலாறப் பேசிறதுக்கு நமக்கு ஒரு தகுதியும் இல்ல.”