ஒட்டுக்குக் கீழே

தியாகதுருகத்தில் நர்சரி வைத்திருக்கும் அறிவுச்செல்வன் பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ போட்டுக்கொள்வார். பட்டம் கூரியரில் வந்தது. வருகிறவர்களிடம் “என்னோட வேர்ச்செடி ஆராய்ச்சி” என்று அவர் ஆரம்பித்தால், முடிவதற்குள் மோர் இரண்டு சுற்று வந்துவிடும். ஆராய்ச்சி இவ்வளவுதான்: கல்வராயன் மலையில், நர்சரியில் ஒட்டுக் கட்டும் வெள்ளச்சியின் அப்பன் வீட்டுப் பின்னால் ஒரு எறும்பான் மாமரம். அதன் கொட்டைகளை வருஷாவருஷம் வெள்ளச்சியே மூட்டை கட்டி பஸ்ஸில் கொண்டுவருவாள்.

அந்தக் கொட்டை ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு முளை கிளம்பும். அதில் நோஞ்சானாக இருப்பது மகரந்தம் சேர்ந்து பிறந்தது. அதைக் கிள்ளி எறிந்துவிடுவார்கள். மற்றவை அப்பன் இல்லாத பிள்ளைகள், அச்சு அசல் தாய் மரமே. எல்லாம் ஒரே சீராக வளரும் என்பதால்தான் டாக்டருக்கு அதன் மேல் அத்தனை காதல். வளர்ந்ததும் தலையை வெட்டி, இமாம்பசந்த் குச்சியைச் சொருகி, நாடா சுற்றி விற்றுவிடுவார்கள். இருபது வருஷமாகத் தலை வெட்டியவள் வெள்ளச்சி. மூன்று தாலுகாவில் அந்த மரம் வேராக இருந்தது, ஓரிடத்திலும் காய்க்கவில்லை.

போன ஆனிக் காற்றில் தாய் மரம் சாய்ந்தது. அன்று பொறுக்கிய கடைசிக் கொட்டைகளையும் பழக்கத்தில் ஒன்று விடாமல் மூட்டை கட்டிக் கொண்டுவந்துவிட்டாள். அவைதான் இப்போது பென்சில் கனத்துக் கன்றுகளாகப் பைகளில் நின்றன. எலுமிச்சை அளவுப் பழம். நார் பல்லில் சிக்கும், கொட்டையருகே லேசாகப் புளிக்கும். இனி அதைத் தின்ன வேண்டுமென்றால், இவற்றில் ஒன்றாவது தலையோடு பிழைக்க வேண்டும்.

“ஒண்ணே ஒண்ணு குடுங்க சார். மலையில வச்சிக்கிறேன்.”

“இன்னா வெள்ளச்சி, பைத்தியமா? வேணும்னா இமாம்பசந்த் ஃப்ரீயா எடுத்துனு போ. ஒட்டு போடாத செடி இங்கேருந்து வெளிய போனா என் ஆராய்ச்சிக்கே அவமானம்.”

திருடலாம். ஆனால் பையைத் திறந்து காட்டாமல் கேட்டைத் தாண்டுகிறவள் அங்கே அவள் ஒருத்திதான். அந்தப் பெருமையை விட மனம் வரவில்லை. ஒட்டுப் பிடிக்காத செடியைக் குப்பையில் போடுவார்கள், குப்பையிலிருந்து எடுத்துக்கொண்டால் யார் கேட்பது? ஒரு கன்றில் குச்சியை வேண்டுமென்றே கோணலாகச் சீவினாள், தொளதொளவென்று கட்டினாள். மூன்றாம் வாரம் அதுதான் மற்ற எல்லாவற்றையும் முந்திக்கொண்டு துளிர்த்தது.

“சனியனே, கெட்டுப்போகக்கூட தெரியலியா?” என்று தன் கையைத்தான் திட்டினாள்.

கள்ளக்குறிச்சியில் ஒரு கல்யாண மண்டபத் திறப்புவிழா. மரம் நட டாக்டர் அதே செடியைப் பொறுக்கி எடுத்தார். பச்சை அதில்தான் ஜாஸ்தி. செடியைவிட உயரமான கருங்கல்லில் அவர் பெயர் பொறிக்கப்பட்டது. வேர்களை மறக்கக் கூடாது என்று முக்கால் மணி நேரம் பேசினார். தண்ணீர் ஊற்றத்தான் மறந்துபோயிற்று.

ஐப்பசியில் சித்தப்பா மகள் கல்யாணம் அதே மண்டபத்தில் நடந்தது. தாலி கட்டி முடித்ததும் வெள்ளச்சி கல்லைத் தேடிப் போனாள். வாட்ச்மேன் பிச்சைமுத்து பீடியோடு நின்றிருந்தார்.

“ஆடு மேஞ்சிட்ச்சிம்மா. நாளைக்கு புடுங்கிட்டு குரோட்டன்ஸ் வைக்கச் சொல்லிக்கிறாங்க.”

குனிந்து பார்த்தாள். ஒட்டு வரைக்கும் ஆடு வழித்திருந்தது. ஒட்டுக்குக் கீழே, மழைக்குப் பிறகு, விரல் நீளத்தில் செம்பு நிறமாக ஒரு தளிர். அவள் கை தானாக நீண்டது. ஒட்டுக்குக் கீழே துளிர்த்தால் கிள்ளு என்பது இருபது வருஷப் பழக்கம். நகம் தண்டில் பட்டபிறகுதான் விழித்துக்கொண்டு, கையை முந்தானைக்குள் சுருட்டிவைத்தாள்.

“புடுங்கறதுன்னா எனக்குக் குடுங்கண்ணா.”

“செத்த செடிய வச்சிக்கினு இன்னா பண்ணப் போற?”

“சாவலண்ணா.”

“அப்ப கல்லையும் எடுத்துனு போ. டாக்டர் பேர் கீது அதுல.”

“செடி போதும்ணா.”

மண்ணோடு பெயர்த்துத் தாம்பூலப் பையில் வைத்துக்கொண்டு மலை பஸ் ஏறினாள். காய்க்க ஆறு வருஷம் ஆகலாம், ஏழும் ஆகலாம். அவளுக்கு நாற்பத்தெட்டு. ஒரு இலையைக் கசக்கினால் போதும், அந்தக் காயின் வாசனை வந்துவிடும். ஆனால் இருந்ததே மூன்று இலை.

பைக்குள் முகத்தை விட்டு முகர்ந்தாள். ஈர மண்ணும் வெற்றிலையும்தான் மணத்தன. கொண்டை ஊசி வளைவில் பஸ் சாய்ந்தபோது, பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.