மஞ்சள் தாளில் வந்த பள்ளிக்கூடம்

எங்கள் கவுண்டிப் பள்ளிகளில் மஞ்சள் தாள் என்றால் சுற்றுலாத் தாள். பிள்ளைகளை மெம்பிஸ் மிருகக்காட்சி சாலைக்குக் கூட்டிப் போகிறார்கள், கீழே ஒரு கையெழுத்துப் போடுங்கள், அவ்வளவுதான். யாரும் அதைப் படிப்பதில்லை. கார் பானெட்டில் வைத்துக் கிறுக்கிக் கொடுத்துவிடுவோம். அந்தப் பழக்கம்தான் கெசாயாவின் கழுத்தை அறுத்தது. கத்தியை ஸ்டாப் ஸ்டாப்பாகக் கொடுத்தவள் நான்.

நான் ஓசெல்லா, பதினான்காம் எண் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவள். கெசாயா ப்ராட்நாக்ஸ் சின்ன வயதில் என் பஸ்ஸில் வந்தவள். நாஷ்வில்லில் டீச்சராக இருந்துவிட்டு ஊர் திரும்பியவள், பூட்டிக் கிடக்கும் பழைய தொடக்கப் பள்ளியில் ஒரு சார்ட்டர் பள்ளி திறந்தே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். பணம் அரசாங்கத்துடையது, நடத்துவது அவளும் அவள் ஆட்களும். பெற்றோர் நூற்றைம்பது பேர் கையெழுத்துப் போட்டால்தான் கல்வி வாரியம் மனுவையே எடுத்துப் பார்க்கும்.

எனக்கு அந்தப் பள்ளி வேண்டும். என் மகள் நைலாவுக்கு ஒன்பது வயதாகிறது, மூன்றாம் வகுப்பு. புத்தகத்தைத் திறந்தால் படத்தைப் பார்த்துக் கதை விடுவாள். அந்தத் தந்திரம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். எனக்கும் படிக்க வராது. லைசென்ஸ் தேர்வைக்கூட ஹெட்ஃபோனைக் காதில் மாட்டிக் கேள்விகளைக் கேட்டுத்தான் எழுதினேன். இருபது வருஷமாகத் தெருப் பலகையைப் பார்க்காமல் மரத்தையும் தபால் பெட்டியையும் பார்த்தே ஓட்டுகிறேன். இது ஊரில் ஒரு ஈ காக்கைக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

கெசாயா ஒரு கட்டுத் தாளைக் கொண்டுவந்து, "மிஸ் ஓசெல்லா, உங்க ஸ்டாப்ல வர்ற அம்மாங்ககிட்ட கையெழுத்து வாங்கித் தருவீங்களா?" என்றாள். தாள் மஞ்சளாக இருந்தது. எனக்கு அதில் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. ஒரே வாரத்தில் நூற்று அறுபது கையெழுத்து வந்தது. நானே ஆடிப்போனேன்.

மே மாதம், வாரியக் கூட்டம். மாவட்டப் பள்ளிகளின் தலைவர் லமார் விட்லோ நடுவில் உட்கார்ந்திருந்தார். நல்ல மனுஷன், என் வகுப்புத் தோழர். போன வருஷம் காசில்லாமல் இசை டீச்சரை வேலையைவிட்டு அனுப்பியபோது அவர் அழுததைப் பார்த்தவள் நான். ஒவ்வொரு பிள்ளை சார்ட்டருக்குப் போகும்போதும் அந்தப் பிள்ளைக்கான பணமும் கூடவே போய்விடும். அவர் எப்படி ஒத்துக்கொள்வார்?

முதலில் மைக்கைப் பிடித்தவள் வெஸ்டா க்ரம்ப். வாயைத் திறந்தால் ஊரே காதைப் பொத்தும்.

"மிருகக்காட்சி சாலைன்னு நெனச்சுல்ல கையெழுத்துப் போட்டேன்! ஏன்டி கெசாயா, எங்கள என்ன மடையங்கன்னு நெனச்சியா?"

பின்வரிசையில் "ஆமா, நானுந்தான்! நானுந்தான்!" என்று பத்துப் பேர் எழுந்தார்கள்.

கெசாயா ஒரு மஞ்சள் தாளைத் தூக்கிக் காட்டினாள். "சர்ச் ஆபீஸ்ல அந்தக் கலர் பேப்பர்தான் இருந்துச்சு. மேலயே பெருசா போட்டிருக்கேன், புதுப் பள்ளிக்கான மனுன்னு. படிச்சுப் பாருங்க."

"படிக்கறதுக்கு எங்கடி நேரம்? வேலைக்குப் போற அவசரத்துல நீட்டினா?" என்றாள் வெஸ்டா.

லமார் கண்ணாடியைக் கழற்றினார். "இது ஏமாத்து வேலையான்னு நான் கேக்க வேண்டியிருக்கு, மிஸ் ப்ராட்நாக்ஸ்."

அந்தப் பெண்ணைத் திருடியைப் போல நிற்கவைத்துவிட்டார்களே என்று எனக்கு நெஞ்சு கொதித்தது. கொடுத்தவள் நான் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறேன்! எழுந்தேன்.

"அந்தத் தாளெல்லாம் குடுத்தது நான். பள்ளிக்கூட மனுன்னு யார்கிட்டயும் சொல்லல, சொன்னா படிச்சுக் காட்டச் சொல்வாங்கன்னு பயம். மஞ்சளா இருந்துச்சு, கையெழுத்துப் போடுங்கன்னு நீட்டினேன். அதுல என்ன எழுதிருக்குன்னு எனக்கே தெரியாது. எனக்குப் படிக்கத் தெரியாது."

"ஓசெல்லா, உக்காரு. நீ இதையெல்லாம் சொல்ல வேண்டியதில்ல," என்றார் லமார், மெதுவாக.

"சொல்லணும் லமார். பத்தாங்கிளாஸ்ல எனக்கு விடையெல்லாம் கிசுகிசுத்தது நீதானே? இந்த மாவட்டம் எனக்கு ஹைஸ்கூல் முடிச்சதுக்குப் பட்டம் குடுத்துச்சு. ஃப்ரேம் போட்டு ஹால்ல மாட்டியிருக்கேன். அதுல என் பேரைத் தவிர வேற எதையும் என்னால படிக்க முடியல. என் பொண்ணுக்கும் அப்படி ஒண்ண மாட்டணுமா?"

யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பார்கள் என்று அவ்வளவு வருஷமும் பயந்து செத்தேன்.

கையெழுத்துகள் செல்லாது, முப்பது நாளில் புதிதாக வாங்கி வரலாம் என்று வாரியம் முடிவு செய்தது. வெளியே கெசாயா காரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள். லமார் வந்து ஒரு கட்டு வெள்ளைத் தாளை பானெட்டில் வைத்தார்.

"மனுவ இதுல அடிச்சுக்க. நான் எதிர்த்துத்தான் பேசுவேன், இப்பவே சொல்லிட்டேன்," என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போனார்.

சனிக்கிழமை, பழைய பள்ளி வாசலில் மேசை போட்டோம். ஆறேழு பேர் வந்தாலே பெரிது என்று நினைத்தேன். வேலி வரைக்கும் வரிசை நின்றது. முதல் ஆள் நான். கெசாயா பேனாவை நீட்டினாள்.

"முதல்ல படிச்சுக் காட்டு," என்றேன். "முழுசும்."

"சத்தமா படி பொண்ணே!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

வெஸ்டா! கிண்டல் பண்ணத்தான் வந்திருக்கிறாள் என்று வெடுக்கெனத் திரும்பினேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கண்ணாடிய வீட்டுலயே வச்சிட்டு வந்துட்டேன்," என்றாள்.

கண்ணாடி அவள் தலைமேல் இருந்தது.

கொஞ்சம் தள்ளி நின்று, பக்கத்தில் அவளுக்கு இடம் விட்டேன். கெசாயா முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.