பன்னி ரூபாய்க்கு ஒரு ஆல்பம்

சாஜிதா பேகத்தின் பைண்டிங் கடைக்குச் சுந்தரராஜுலு அந்த வாரத்தில் மூன்றாம் தடவையாகப் படியேறினார். நயா பைசா வந்த மறுவருஷம் அது. பழைய காசைத் தள்ளிவிட்டால் போதுமென்று ஊரே இருக்க, இந்த மனுஷன் மட்டும் தகர டப்பா நிறையச் சேர்த்துவைத்துக்கொண்டு, தை மாசம் மில் கிளப்பில் பார்வைக்கு வைக்க ஆல்பம் தேடி அலைந்தார். ஆசை யாரை விட்டது?

"போன ரெண்டும் என்னங்க ஆச்சு?" என்றார் பேகம்.

"ஒரு காசு மட்டும் நிக்க மாட்டேங்குதுங்க."

மடியிலிருந்து அதை எடுத்துக் காட்டினார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்றாம் வருஷத்து ஜார்ஜ் ராஜா ரூபாய். ராஜா உடுப்பில் இருக்கும் யானை பன்றி மாதிரி இருக்கிறதென்று அந்தக் காலத்தில் ரகளையாகி, சர்க்கார் திருப்பி வாங்கி உருக்கிய காசு. தப்பியது கொஞ்சம்தான்.

ஐப்பசியில் அவருடைய நாயனா செத்துப்போன காலையில், நெற்றிச் சந்தனத்தில் வைக்க ஒரு ரூபாய் வேண்டுமென்று மனைவி ராமாமணி அழுதுகொண்டே டப்பாவில் கையை விட்டாள். கைக்கு வந்தது அந்தப் பன்னி ரூபாய். அவளுக்கென்ன தெரியும், ரூபாய் என்றால் ரூபாய். சுந்தரராஜுலுவுக்குத்தான் வயிறு எரிந்தது. மயானத்தில் அந்தக் காசு வெட்டியான் மாசாணத்துக்குப் போய்விடுமே. பாடை தூக்கும் நேரம், தொட்டுக் கும்பிடுகிற சாக்கில் குனிந்து அதை எடுத்துக்கொண்டு, ஒரு சாதா நிக்கல் ரூபாயை வைத்துவிட்டார். ரூபாய்க்கு ரூபாய் சரியாப் போச்சு என்று மனசுக்குச் சமாதானம் வேறு. பெற்ற தகப்பனிடமே இந்த வேலை.

முதலில் வாங்கியது மூலை ஒட்டும் போட்டோ ஆல்பம். மறுநாள் மதியம் காசு அதில் இல்லை. தூங்கிக்கொண்டிருந்த ஐந்து வயசு மகள் வெங்கடலட்சுமியின் நெற்றியில் இருந்தது. குழந்தை விளையாடியிருக்கும் என்று சிரித்துக்கொண்டார். இரண்டாவது, அட்டையில் வட்டம் வெட்டி இருபுறமும் கண்ணாடித்தாள் ஒட்டியது. தாள் கிழியவே இல்லை. காசு மறுபடியும் குழந்தை நெற்றியில். எடுத்தபோது அந்த இடம் கிணற்றுக் கல்லாகச் சில்லிட்டிருந்தது. அன்றிலிருந்து குழந்தைக்குச் சோறு வேண்டாம், எந்நேரமும் தூக்கம். டாக்டர் ஒன்றுமில்லை என்றார். அப்போதாவது அதைத் தலைமுழுகியிருக்கலாம். இன்னும் கெட்டியான ஆல்பமாக வாங்கிவிட்டால் தீர்ந்தது என்று நினைத்தார் மனுஷன்.

"இதுல பையோட வாயையே தைச்சுத் தந்தர்றேன். எறும்புகூட வெளிய வராதுங்க" என்று தடி அட்டை ஆல்பம் ஒன்றை எடுத்த பேகம், காசை வாங்கி முந்தானையில் துடைத்தார். "என்னங்க, சந்தனத்தோட கொண்டாந்துட்டீங்க?"

வீட்டில் புளி போட்டு மூன்று தடவை தேய்த்துவிட்டுத்தான் கொண்டுவந்திருந்தார். காசை உள்ளே வைத்துத் தைத்து வாங்கிக்கொண்டு படியிறங்கினார்.

மறுநாள் மதியம் தையல் தைத்தபடி இருந்தது. பைக்குள் ஒன்றுமில்லை. ஓடிப்போய்ப் பார்த்தார். வெங்கடலட்சுமி பாயில் மல்லாந்து கிடந்தாள், நெற்றியில் காசு. அதைப் பிடுங்கிக்கொண்டு கூப்பிட்டார், உலுக்கினார். மூச்சு இருந்தது, கண் திறக்கவில்லை. பக்கத்தில் ராமாமணியை உட்காரவைத்துவிட்டு மயானத்துக்கு ஓடினார்.

மாசாணம் காசைப் பார்த்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். "நான் தொட மாட்டனுங்க. எனக்கும் புள்ளைகுட்டி இருக்குது."

"ஆத்துல போட்டர்றேன்."

"போட்டாலும் வருமுங்க. ஒரு நெத்திக்குன்னு வெச்ச காச எடுத்துப்போட்டீங்க. அதுக்கு ஒரு நெத்தி வேணும். ஒரே ரத்தமாப் பாத்துத்தான் வரும். எரிஞ்சு போனவருக்கு இனி வெக்க முடியுங்களா?"

நாயனாவின் ரத்தத்தில் மிச்சம் இரண்டே பேர். அவரும் குழந்தையும். என் தங்கத்துக்கு இதைக் கொண்டுவந்து விட்டேனே என்று வாய்விட்டு அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

"ஒரு வாய் காப்பி போட்டுக் கொண்டா, ராமாமணி" என்று அவளை அடுப்படிக்கு அனுப்பினார். மகளுக்குப் பக்கத்தில் வெறுந்தரையில் மல்லாந்து படுத்தார். காசை எடுத்துத் தன் நெற்றியில் வைத்தார். அது வழுக்கவில்லை, அசையவில்லை. பொருத்தமாக உட்கார்ந்தது.

ராமாமணி காப்பியோடு வந்தபோது வெங்கடலட்சுமி எழுந்து உட்கார்ந்து, பசிக்குதும்மா என்றாள். ராமாமணி காப்பியைக் கீழே வைத்துவிட்டு மகளை வாரி அணைத்துக்கொண்டாள்.

"ஏனுங்க, புள்ள எந்திரிச்சிருச்சு பாருங்க" என்றாள். அவர் நெற்றியில் காசு அப்படியே இருந்தது. "ஏனுங்க" என்றாள் மறுபடியும்.