கடைவாயில் ஒரு மாத்திரை

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஜெயிலில் இருந்த நாலு வருஷத்தில் அது இன்னும் ஒரு முழம் வளர்ந்தது. அந்த வாயை வைத்துத்தான் இந்தச் சலவைக்கூடத்தை நடத்துகிறேன். இங்கே வேலை செய்கிற ஆறு பெண்களும் போதையில் விழுந்து, உள்ளே போய், வெளியே வந்தவர்கள். நானும்தான். ஐயோ பாவம் என்று யாராவது உச்சுக்கொட்டிக்கொண்டு வந்தால் வாசலோடு அனுப்பிவிடுவேன். அழுக்குத் துணி இருந்தால் கொடு, இரக்கத்தை உன் வீட்டிலேயே வைத்துக்கொள்.

முட்டைக்கண்ணிக்குக் கை வெந்தது ஒரு வியாழக்கிழமை. சிரித்தாலும் முறைத்தாலும் கண் இரண்டும் வெளியே வந்து விழுகிற மாதிரி இருக்கும், அதனால் அந்தப் பெயர். நீராவி இஸ்திரியில் விரிப்பை இழுத்துவிடும்போது மேல்மூடி சரிந்து அவள் முழங்கைக்குக் கீழே அமுக்கிவிட்டது. நாங்கள் மூடியைத் தூக்கினால் தோல் துணியோடு வருகிறது. அவள் கத்தக்கூட இல்லை.

“அக்கா, நாளைக்கு...” என்றாள்.

நாளைக்கு என்னவென்று எனக்குத் தெரியும். காலை பத்து மணிக்குப் பிள்ளைகள் நல அலுவலகத்தில் அவளுக்குச் சிறுநீர்ச் சோதனை. மாதம் ஒன்றாக ஐந்து முடிந்துவிட்டது, இது ஆறாவது, கடைசி. சுத்தமாக வந்தால் மகளை அன்றைக்கே அவள் கையில் கொடுப்பார்கள். அவள் உள்ளே போகும்போது பிள்ளைக்கு நாலு வயது, இப்போது ஏழு. இத்தனை நாளும் அண்ணன் வீட்டில் வளர்கிறது. “சோதனைத் தாள்ல ஏதாவது வந்துச்சுன்னா, பிள்ளைய மறந்துடு” என்று அண்ணி முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் சின்ன வயசு டாக்டர். சட்டைக் கையை வெட்டி விலக்கும்வரை அம்மா என்றுதான் கூப்பிட்டார். உள்ளே பழைய ஊசித் தழும்புகள் வரிசையாகத் தெரிந்ததும் அம்மா போய் நீ வந்துவிட்டது. எந்த அதிகாரியின் கண்காணிப்பில் இருக்கிறாள் என்றும் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

கட்டுப் போட்டு முடித்து வலிக்கு ஒரு மாத்திரையை எடுத்து வைத்தார், போதை ஏற்றுகிற வகை. அதன் பெயரைக் கேட்டதும் எனக்கே எச்சில் ஊறியது. விட்டுப் பதினோரு வருஷமாகிறது. வெட்கம்தான், ஆனால் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

“இது வேணாம் டாக்டர்” என்றாள் முட்டைக்கண்ணி. “சாதா காய்ச்சல் மாத்திர குடுங்க, போதும்.”

“இந்தப் புண்ணுக்கு அது எந்த மூலைக்கு? வலி தாங்காம வெளிய போய் எதையாவது தேடுவ. அப்புறம் என் தலைதான் உருளும். என் கண்ணு முன்னால முழுங்கு. இல்லன்னா, சிகிச்சைக்கு ஒத்துழைக்கலன்னு எழுதி உங்க அதிகாரிக்கே அனுப்பிடுவேன்.”

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீரைக் குடித்துவிட்டாள். பிறகு யாரும் கேட்காமலே வாயை ஆவென்று பிளந்து, நாக்கைத் தூக்கிக் காட்டினாள். ஜெயிலில் தினம் அப்படித்தான் காட்ட வேண்டும். டாக்டர் தலையாட்டினார். நான் ஆட்டவில்லை. அந்த வித்தை எனக்குத் தெரியாததா? நாக்கைத் தூக்கிக் காட்டுகிற நேரத்தில் மாத்திரை கடைவாய்க்குப் பின்னால், ஈறோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஜெயிலில் நாலைந்து நாள் மாத்திரையை அப்படிச் சேர்த்து வைத்து ஒரேயடியாகப் போடுவோம்.

வெளியே வராந்தாவில் அவளைச் சுவரோடு சாய்த்துத் தாடையைப் பிடித்தேன்.

“துப்புடி! எத்தன சேக்கப் போற? நாளைக்குப் பிள்ள வருது, அடிப் பாவி, இன்னைக்கா உனக்குப் புத்தி கெட்டுப்போகணும்?”

அவள் என் உள்ளங்கையில் துப்பினாள். ஓரம் கரைந்த வெள்ளை மாத்திரை. துப்பிய கையோடு குழாயடிக்கு ஓடி, பத்துத் தடவையாவது கொப்பளித்தாள்.

“சேக்கறதுக்கு இல்லக்கா” என்றாள் வாயைத் துடைத்துக்கொண்டு. “முழுங்கினா நாளைக்குத் தாள்ல வந்துடும். மாட்டேன்னா அவர் எழுதிடுவார். வேற என்ன வித்த எனக்குத் தெரியும்? ஒன்னு உள்ள போனா நான் ஒன்னோட நிக்கமாட்டேன்கா. உனக்குத் தெரியாதா?”

செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. ஊரே சந்தேகப்படுகிறவளை நான் ஒருத்தியாவது நம்பியிருக்க வேண்டாமா?

“கொஞ்சம் கரஞ்சிடுச்சேக்கா. அது சோதனையில வருமா?”

“தெரியலடி. வா என்கூட.”

“வம்பு வேணாம்கா.”

வம்பு வேண்டாமாம்! மாத்திரையை டாக்டர் மேஜையில் டக்கென்று வைத்தேன்.

“என்ன, ஏமாத்தினீங்களா?” என்றார்.

“ஆமா, ஏமாத்தினோம். போதைக்காக எத்தனையோ பேர ஏமாத்தியிருக்கோம், இன்னைக்கு அது வேணாம்னு இவ உங்கள ஏமாத்தினா. வாயால சொன்னப்ப நீங்க கேட்டீங்களா? இந்த ஆஸ்பத்திரி விரிப்பெல்லாம் எங்க கூடத்துலதான் வெளுக்குது டாக்டர். உங்க அழுக்கு அத்தனையும் பாத்திருக்கோம். ஒரு நாளாவது மூக்கப் பிடிச்சோமா? எழுதுங்க. கட்டாயப்படுத்திக் குடுத்தேன், துப்பிட்டா, அவளே வேணாம்னா. கையெழுத்தும் போடுங்க.”

வாசலில் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். நர்ஸ் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் எழுதினார்.

அன்றைக்கு முட்டைக்கண்ணி தூங்கவில்லை. காய்ச்சல் மாத்திரை அந்த வலியின் கிட்டேகூடப் போகவில்லை. நாங்கள் முறைபோட்டு விசிறினோம்.

வெள்ளிக்கிழமை அதிகாரியம்மா சோதனைத் தாளைப் பார்த்தார், டாக்டர் எழுதியதைப் படித்தார், மறுபடி தாளைப் பார்த்தார்.

“சுத்தமா இருக்கு” என்றார்.

அண்ணி பிள்ளையை முன்னால் தள்ளிவிட்டாள். பிள்ளை தாயின் முகத்தைப் பார்க்கவில்லை, கையில் இருந்த கட்டையே பார்த்துக்கொண்டிருந்தது.

“உனக்குத்தான் எதுவும் வலிக்காதே” என்றது. “அன்னிக்கு அடுப்புல கை பட்டு வெந்தப்ப நீ சிரிச்சியே.”

அது போதையில் சிரித்த சிரிப்பு. முட்டைக்கண்ணி மண்டியிட்டு மகளின் உயரத்துக்கு வந்தாள். கண் இரண்டும் விழுந்துவிடும்போல் இருந்தது.

“இப்ப வலிக்குதுடி” என்றாள், அலுவலகம் முழுக்கக் கேட்கும்படி. “உயிர் போற மாதிரி வலிக்குது.”

பிள்ளை கொஞ்சம் யோசித்தது. பிறகு சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய், வேகாத கையைப் பிடித்துக்கொண்டது.